நாலு கிலோமீட்டர்

“அடப் பாவமே! நேத்துத்தான சரி பண்ணிக் குடுத்தே ஜின்சனு? மறுக்காவும் கார்ல என்ஜின் லைட்டு எரியுதா?”

உச்சுக்கொட்டிக்கொண்டே சாலையைக் கடந்து எதிர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தான் சந்துரு. முகத்தில் அத்தனை வருத்தம். வயிற்றிலோ பால் வார்த்த மாதிரி இருந்தது.

இருக்காதா பின்னே? வடகரப்பதி முக்கில் பதினெட்டு வருஷமாக என்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே கோளாறு சொன்னவன் அவன். ஆறு மாசம் முன்பு வண்டிப்பெரியாரிலிருந்து வந்த ஜின்சன், வண்டிக் கோளாறைத் திரையில் காட்டும் கையடக்க ஸ்கேனர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு எதிரிலேயே கடை போட்டான். முதலில் யாரும் அவனைச் சீந்தவில்லை.

போன மாசம்தான் எல்லாம் தலைகீழானது. தென்னந்தோப்புக்காரர் பொங்கியண்ணனின் வேனைச் சந்துரு பழுது பார்த்துக் கொடுத்தான். எதிர்ச்சாரியில் டீ குடிக்க நின்று கிளம்பிய வேன், இளநீர் லோடோடு நடுவழியில் படுத்துக்கொண்டது. ஏதோ ஒயர் சாக்கெட் கழன்றிருந்ததாம்.

ரெண்டு தரம் அழுத்தி மாட்டியதாகத்தான் சந்துருவுக்கு ஞாபகம். யார் நம்பினார்கள்? பொங்கியண்ணனின் அஞ்சு வண்டிகளும் எதிர்க்கடைக்குப் போயின. அன்றிலிருந்து ஜின்சன் ஒயரைச் சொருகுவதும், திரையில் கோளாறின் நம்பர் வருவதும், ஊர் வாயைப் பிளப்பதும் தினசரிக் கூத்தாகிவிட்டது. பார்க்கப் பார்க்கச் சந்துருவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே இன்று காலை பொங்கியண்ணன் தன் காரைச் சந்துருவின் ஷெட் முன்னால் நிறுத்திவிட்டு உரக்கடைக்குள் போனபோது, இவன் கை சும்மா இருக்கவில்லை. பூட்டாத காருக்குள் கைவிட்டுப் பானட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பக்கத்திலிருந்த சாக்கெட்டை இழுத்துவிட்டு நல்ல பிள்ளையாகத் திரும்பிவிட்டான்.

“ஊட்டு வாசல்ல நிறுத்தறப்பத்தான் பாக்கறேன், லைட்டு எரியுது. அப்படியே திருப்பிட்டு வந்துட்டேன்,” என்று சிடுசிடுத்தார் பொங்கியண்ணன். “உன்ற மிசினு லட்சணம் இதானா?”

ஜின்சன் ஸ்கேனரைச் சொருகினான். “காத்து அளக்குற சென்சாருய்யா. சாக்கெட் கழண்டிருக்கும் போல.”

“அப்ப மாட்டுனவன் கை சரியில்லீங்க,” என்று எடுத்துக் கொடுத்தான் சந்துரு. “இதுக்கெல்லாம் காது வேணுமுங்க. அந்தப் பொட்டி என்னத்தைச் சொல்லீரும்?”

“இன்னொண்ணும் சொல்லும்ணே.” ஜின்சன் திரையைத் தொட்டான். “லைட்டு எரிஞ்சதுலருந்து வண்டி எம்புட்டு தூரம் ஓடியிருக்குன்னு காட்டும். நாலு கிலோமீட்டர்.”

பொங்கியண்ணன் விரலை மடக்கினார். “இங்கிருந்து ஊட்டுக்கு ரெண்டு. மறுக்கா வாரதுக்கு ரெண்டு. அட, அப்படின்னா இந்த முக்குலயே எரிஞ்சிருக்குதே! நாந்தான் கவனிக்கலயாட்ட இருக்குது. இங்க நின்னப்ப என்னாச்சு?”

சந்துருவுக்குத் திருடனைத் தேள் கொட்டிய கதையாயிற்று. இந்தப் பாழாய்ப்போன பெட்டி தூரத்தையும் குறித்து வைக்கும் என்று அவன் என்ன கனவா கண்டான்? ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பொறாமை விட்டால்தானே!

ஜின்சன் திரையைப் பார்த்தான். எதிர் ஷெட்டைப் பார்த்தான். பிறகு சந்துருவின் வியர்த்த முகத்தையும் பார்த்தான்.

“என் தப்புதாய்யா. நேத்து நான் சரியா மாட்டல. இங்க ஸ்டார்ட் பண்ணுனப்ப குலுங்கிக் கழண்டிருக்கும்.” சாக்கெட்டை அழுத்தி மாட்டி, லைட்டை அணைத்துக் கொடுத்தான்.

“இனி உன்ற சங்காத்தமே வேண்டாஞ் சாமி! சந்துரு, நாளையிலிருந்து அஞ்சு வண்டியும் மறுக்கா நீயே பாத்துக்கோ.” பொங்கியண்ணன் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மாசமாகச் சந்துரு சாமியிடம் கேட்ட வரம் இதுதான். கிடைத்துவிட்டது, ஆனால் எதிரே நிற்பவனை நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

“தெரிஞ்சுமா என்னையக் காட்டிக் குடுக்காம உட்டே?” என்றான் தரையைப் பார்த்தபடி.

ஜின்சன் ஒயரை மெல்லச் சுருட்டினான். “மிசினை வாங்கி வச்சுக்கிட்டு அஞ்சு மாசம் ஈ ஓட்டுனேன்ணே. எதிர்ல நீங்க வெறுங்காதை வச்சே கண்டுபிடிக்கிறீங்க. எனக்கு மட்டும் வயிறு எரியாதா?”

“அதுக்கு?”

“போன மாசம் அந்த வேன்ல சாக்கெட்டைக் கழட்டிவிட்டது நான்தாண்ணே.”