பத்தாம் நம்பர் செருப்பு

"பத்தாம் நம்பர்லண்ணே. ஆம்பளைங்க போடுறது. இருக்கிறதுலயே வெயிட்டு கம்மியானதா எடுங்க."

சொல்லிக்கொண்டே தீபலட்சுமி தோள்பையிலிருந்து ஒரு தராசை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். சமையலறையில் மாவு நிறுக்கிற சின்ன எலக்ட்ரானிக் தராசு.

பாரதி வீதியின் அந்தச் செருப்புக் கடையில் இருபது வருஷமாக நிற்கும் தணிகாசலம் எத்தனையோ பேரைப் பார்த்தவர். விலையைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, ஒரு ஜோடி வாங்க ஒன்பது ஜோடி போட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. செருப்பை நிறுத்து வாங்க வந்த முதல் ஆள் இவள்தான்.

"கத்திரிக்காயாம்மா இது, நிறுத்து வாங்குறதுக்கு?"

"சைக்கிள் டூர்ண்ணே. கன்னியாகுமரி வரைக்கும், எட்டு நாளு. ஓட்டுறதுக்குத் தனியா ஷூ இருக்குது. இது ராத்திரி தங்குற எடத்துக்கு. முந்நூறு கிராமுக்கு மேல போவக் கூடாது, பையில மடங்கி உக்காரணும்."

"எப்பக் கெளம்பணும்?"

"நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு."

தணிகாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரை. ஞாயிற்றுக்கிழமை அரை நாள்தான் கடை. ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கிவிடும். கடைசி நேரத்தில் வந்து உயிரை வாங்குகிறாளே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு பெட்டிகளை இறக்கினார்.

தோல் செருப்பு எழுநூற்று இருபது கிராம். கேன்வாஸ் ஷூ ஐந்நூற்றுப் பத்து. ஒவ்வொரு முறை தராசில் எண் ஏறும்போதும் அவள் முகம் இறங்கியது.

"இந்த ரப்பர் ஷூ முந்நூத்தி முப்பதுதாம்மா. முப்பது கிராம்ல என்னா வந்துடப் போவுது?"

அவள் அதைப் பைக்குள் திணித்துப் பார்த்தாள். ட்யூப், பம்பு, ஸ்பேனர் எல்லாம் ஏற்கெனவே அடைத்திருந்த பை அது. எந்தப் பக்கம் அழுத்தினாலும் ஷூ மடங்கவில்லை, ஜிப்பும் மூடவில்லை.

"அஞ்சாவது கடைண்ணே இது. சண்டே மார்க்கெட்டையும் சல்லடை போட்டுட்டேன். கெடைக்கலன்னா டூரே இல்லண்ணே."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. திரையில் 'அம்மா' என்றிருந்தது. ஸ்பீக்கரில் போடாமலே பேச்சு தணிகாசலத்தின் காதில் விழுந்தது.

"என்னாடி, கெடைச்சுதா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன்ம்மா."

"செருப்பு இல்லாம கெளம்புற பேச்சே வேணாம். ஒத்தையில கெடந்து பயந்து சாவ என்னால ஆவாது, சொல்லிட்டேன்."

போனை வைத்த தீபலட்சுமி, காலுக்கு அளவு பார்க்கும் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "ரெண்டு வருஷமா இதுக்குன்னே லீவு சேத்து வெச்சது" என்றாள். கண் நிறைந்துவிட்டது. அழுகையை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருமகன் காலில் முள் குத்திவிடுமென்று ஒரு மாமியார் இவ்வளவு பதறுவாளா! தணிகாசலத்துக்கே மனசு இளகிவிட்டது. காலில் கிடந்ததைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறி, பரணிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியை எடுத்து வந்தார்.

"வெள்ளக்காரங்க கேட்டு வாங்குவாங்கம்மா. அப்பளம் மாதிரி மடிக்கலாம்."

நூற்றுத் தொண்ணூறு கிராம். அவள் கண்ணில் உயிர் வந்தது. ஆனால் அதைக் காலில் போட்டு வளைத்துப் பார்க்கவில்லை, அடிப்பாகம் வழுக்குமா என்று தடவவும் இல்லை. கடை வாசலில் கொண்டுபோய் ஜோடியாக வைத்துவிட்டு, ஆறடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள்.

"சரியில்லண்ணே. எட்ட இருந்து பாத்தா ஸ்கூல் புள்ள செருப்பு மாதிரி தெரியுது. பளபளன்னு வேற இருக்குது."

"புதுச் செருப்பு பளபளன்னுதாம்மா இருக்கும்! அவரையே கூட்டியாந்து போட்டுப் பாத்துட்டா வேல முடிஞ்சுதுல்ல?"

"போட்டுப் பாக்கத் தேவையில்லண்ணே."

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. தணிகாசலத்துக்கு வயிறு கூப்பாடு போட்டது. "அப்ப என்னாலயும் ஆவாதும்மா" என்று பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார்.

தீபலட்சுமி எழுந்திருக்கவில்லை. தலை குனிந்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று குனிந்து, ஏணிக்கடியில் கிடந்த தணிகாசலத்தின் செருப்பைக் கையில் எடுத்தாள். நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. பெருவிரல் பதிந்த இடம் கறுத்துக் குழிந்திருந்தது. பத்தாம் நம்பர்.

"ஐயோ, அத ஏம்மா தொடுற?"

அவள் கேட்கவில்லை. தராசில் வைத்தாள். இருநூற்று எழுபது கிராம். இரண்டாக வளைத்துப் பைக்குள் செருகினாள். ஜிப் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. வெளியே எடுத்து வாசலில் போட்டுவிட்டு மறுபடி எட்ட நின்று பார்த்தவள் முகத்தில், கடைக்குள் நுழைந்ததிலிருந்து முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

"இத எனக்குக் குடுத்துடுங்கண்ணே. உங்களுக்குப் புதுசா எது வேணுமோ எடுத்துக்கங்க, நான் காசு தந்துடறேன்."

தணிகாசலத்துக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "வெளையாடறியாம்மா? மூணு வருஷமா நான் போட்டுத் தேஞ்ச செருப்பு. உன் வீட்டுக்காரரு இத எப்படிப் போட்டுக்குவாரு?"

"போட்டுக்க யாரும் இல்லண்ணே. நான் ஒருத்திதான் போறேன்" என்று அவள் செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ராத்திரி நான் தங்குற ரூம் வாசல்ல ஒரு ஆம்பள செருப்பு கெடக்கணும்."