சத்தம் போடாத பெல்ட்

ஒரு பழைய காரின் பானெட்டுக்குள் தண்ணீர் பம்பும் ரேடியேட்டரும் பல வருஷமாகக் குடியிருந்தன. பம்பைச் சுற்றிவிடும் பெல்ட் மட்டும் அடிக்கடி மாறும்.

பம்புக்குள் பேரிங் தேய்ந்துபோய், சுற்றுவதற்கே அது முரண்டு பிடித்தது. இழுத்து இழுத்துப் பெல்ட் கீச்சுக் கீச்சென்று கத்தியது. "அண்ணே, நீங்களும் கொஞ்சம் சுத்துங்க. நான் ஒருத்தன் எவ்வளவுதான் இழுக்கிறது?"

சத்தம் எங்கிருந்து வருகிறதென்று அறிய, மெக்கானிக் சவரிமுத்து நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பம்பின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். பம்பு மூச்சை அடக்கிக்கொண்டது. பெல்ட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை, கத்திக்கொண்டே இருந்தது. அதைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டினார்.

புதுப் பெல்ட் பத்து நாள் பொறுத்தது. பிறகு அதுவும் கத்தியது, அதுவும் ஆணிக்குப் போனது.

"இந்தக் காலத்துப் பெல்ட்டுகளுக்குப் பொறுமையே கிடையாதப்பா" என்றது பம்பு. எதற்கு வம்பு என்று ரேடியேட்டரும் ஆமாம் போட்டது.

மூன்றாவது பெல்ட் வரும்போதே ஆணியில் தொங்கிய இரண்டையும் பார்த்துவிட்டது. அதனால் வாயே திறக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தது. பம்புக்கு அதைப் பற்றி ஒரே பெருமை.

மலைப்பாதையில் ஏழாவது வளைவில் அது அறுந்து விழுந்தது. பம்பு நின்று தண்ணீர் ஓடாமல் போகவே ரேடியேட்டர் கொதித்து, மூடியைத் தள்ளிக்கொண்டு ஆவியைக் கக்கியது. கார் நின்றது.

பம்பு தழுதழுத்த குரலில் சொன்னது: "தங்கமான பெல்ட்டுய்யா. கடைசி வரைக்கும் முகம் சுளிச்சு ஒரு வார்த்தை சொன்னதில்லையே!"