பிரண்டைக் கட்டு

பெண்பார்க்க வந்தவர்களைத் திருப்பியனுப்பிவிட்டு அருள்கனி மேல்படிப்புக்குக் கிளம்பிய அன்று, "ஒன்னயப் பெத்த வயித்துல பெரண்டையத்தான் வச்சுக் கட்டணும்" என்றாள் அம்மா. அந்தக் கோபத்தில் அருள்கனி பிரண்டையையே ஆராய்ச்சிக்கு எடுத்தாள். அதிலிருந்து அவள் பிரித்தெடுத்த சத்து, இப்போது கண்ணாடித் தட்டில் எலும்புச் செல்களை வளர்த்திருந்தது.

முதன்முறையாக ஆய்வகத்துக்கு வந்த அம்மாவை நுண்ணோக்கிமுன் உட்காரவைத்தாள்.

"நல்லாப் பாரு. சாயம் புடிச்சு செவப்பாத் தெரியுதுல்லா, அதுதான் புது எலும்பு. நீ வயித்துல கட்டணும்னியே, அந்தப் பெரண்ட வளத்தது."

அம்மா குனிந்தவாறே வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் பையைத் திறந்தாள். உள்ளே வேலியில் அறுத்த பிரண்டை, ஒரு பெரிய கட்டு. அரிப்பில் அவள் உள்ளங்கைகளும் சிவந்திருந்தன.

"ஏட்டி டாக்டரு, இத நான் வயித்துல கட்டிக்கிடவா, ஒன் மிசின்ல போடுதியா?"