ரெண்டு பேர், ரெண்டு கேமரா

"ரெண்டு பாடி வேணும் தம்பி. ரெண்டு பேர் போற பயணம்" என்று அப்பா சொன்ன சத்தத்தில், பக்கத்தில் பாஸ்போர்ட் போட்டோ வாங்க நின்றிருந்த அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். லென்ஸ் மாட்டாத வெறும் கேமராவைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று அவளுக்கு யார் விளக்குவது?

முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். கடைசி சீட்டுக்கும் கேட்கிற மாதிரி பேசியே பழக்கம். மகள் தலையைக் குனிந்துகொண்டாள், அந்தச் சத்தத்துக்காக மட்டும் அல்ல.

"நீங்க ரிடையர் ஆனதும் நாம ரெண்டு பேரும் பனிமலை பார்க்கப் போகலாம்ப்பா" என்று, அம்மா இறந்த சமயத்தில் சொன்னவள் அவள்தான். ஒரே ரூட்டில் போய்த் திரும்பியே ஆயுசைக் கழித்த மனுஷர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கேமரா சமாச்சாரம் மொத்தத்தையும் கரைத்துக் குடித்துவிட்டார்.

நடுவில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கணவன், "எனக்கும் அந்த வாரம் லீவு கிடைச்சிருக்கு. மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்" என்றான். அந்தப் பயணக் குழுவில் அப்பாவுக்கும் அவளுக்குமாகப் பதிவாகியிருந்தது ரெண்டே இடம்.

அவள் கேட்கவில்லை. அப்பா ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார் என்று தானே முடிவு பண்ணி, டிக்கெட்டில் அவர் பேரை எடுத்துவிட்டுக் கணவன் பேரைப் போடச் சொல்லிவிட்டாள். அவரிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் கூட வந்தாள். ஆனால் பஸ் ஸ்டாப்பிலேயே அப்பா முந்திக்கொண்டார். "முந்தாநாள் டிராவல்ஸ்ல இருந்து போன் வந்துச்சும்மா. டிக்கெட் உறுதியாயிடுச்சாம்." பேரையும் சொல்லியிருப்பார்களோ என்று அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவரோ அடுத்த மூச்சில் கேமராப் பேச்சுக்குத் தாவிவிட்டார். தப்பித்தோம் என்று நினைத்ததை நினைக்க இப்போது உடம்பு கூசியது.

"ஒரே மாதிரி ரெண்டு எடுத்துக்கோங்களேன் சார்" என்றான் கடைக்காரன்.

"ஒரே மாதிரி ரெண்டு எதுக்கு? ஒண்ணு பெரிய சென்சாரா இருக்கட்டும், வெளிச்சம் மங்கினாலும் படம் கெடக்கூடாது. இன்னொண்ணு சின்னது, நடக்கும்போது கழுத்தை இழுக்காம, டக்குனு எடுக்கிற மாதிரி. ஆனா ஒண்ணோட லென்ஸ் இன்னொண்ணுல மாட்டணும், பேட்டரியும் ஒண்ணா இருக்கணும். ஒண்ணு தடுமாறுற இடத்துல இன்னொண்ணு கை கொடுக்கணும், அவ்வளவுதான்."

"கேமரா வாங்க வந்தீங்களா, சம்பந்தம் பேச வந்தீங்களா சார்?" கடைக்காரன் சிரித்துக்கொண்டே ரெண்டு பாடிகளைக் கொண்டுவந்து வைத்தான். "பெரியது கொஞ்சம் கனம். மலையில தூக்கிட்டு ஏறணுமே?"

"அதெல்லாம் தூக்க ஆள் இருக்கு."

அறுபது வயசில் இந்த வீம்பா என்று நினைத்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா பெரிய கேமராவில் ஒரு லென்ஸை மாட்டி, கண்ணில் வைத்துத் தெருவைப் பார்த்தார். "கண்ணாடி போட்டவங்க பார்த்தா நாலு மூலையும் தெரியுமா தம்பி?"

"தெரியும் சார். இந்தச் சக்கரத்தைத் திருப்பிப் பார்வைக்குத் தகுந்த மாதிரி வெச்சுக்கலாம்."

தெருக்கோடியில் வருகிற பஸ்ஸின் போர்டை இன்றைக்கும் வெறும் கண்ணால் படிக்கிறவர் அப்பா. நாளைக்குப் பார்வை மங்கினாலும் படம் எடுப்பதற்கு இப்போதே வழி பார்க்கிறார் என்று நினைத்தபோது, அவளுக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

"இது உனக்கு." சின்ன கேமராவை அவள் கையில் கொடுத்து, சுண்டுவிரல் அடியில் நழுவாமல் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். "பிடி வாகா இருக்காம்மா?"

"ம்." இதுதான் சமயம். "அப்பா, அந்தப் பெரியது வேண்டாம்ப்பா."

"ஏன்?"

சொல்ல வந்தது வாய் வரை வந்து, வேறாகி வெளியே விழுந்தது. "ஒண்ணே போதுமே. அது அவ்வளவா தேவைப்படாது."

அப்பா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கூட்டமான பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறவர்களை அப்படித்தான் பார்ப்பாரோ என்னவோ, அவளால் நிமிர முடியவில்லை.

"தேவைப்படும்மா" என்றார். சத்தமே இல்லாமல் அவர் பேசி அவள் கேட்டது அன்றைக்குத்தான். "ரெண்டையும் கட்டிடு தம்பி."

வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம். இல்லை, போகிற வழியில். காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும். அவள் மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எந்த வரிசையில் அடுக்கினாலும் அசிங்கமாகவே இருந்தது.

கடைக்காரன் ரெண்டு வாரண்டி அட்டைகளை எடுத்துவைத்துப் பேனாவைத் திறந்தான். சின்ன கேமராவுக்கு அவள் பேரைக் கேட்டு எழுதினான்.

"பெரியது சார் பேர்லதானே? பேரைச் சொல்லுங்க."

அப்பா அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"மாப்பிள்ளை பேர்ல எழுது தம்பி."