பதினேழு பொட்டலங்கள்

பூசாரி இகியெபோர் பானையைக் கவிழ்த்தார். பதினேழு பொட்டலங்கள் செம்மண் தரையில் விழுந்தன.

எகியுவா அவற்றின் முன் முழங்காலிட்டு அமர்ந்தாள்.

எல்லாம் ஒரே அளவு. ஒரே சிவப்புத் துணி. எல்லாவற்றின் மீதும் கோழி இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

ஒவ்வொன்றினுள்ளும், கடல் கடந்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் நகமும் முடியும் இருந்தன. அழைத்துச் செல்பவளின் கடனை அடைப்பேன், தப்பி ஓடமாட்டேன் என்று சத்தியம் செய்து, தெய்வத்திடம் அவர்கள் வைத்துவிட்டுப் போன பிணை அது. சொல் தவறினால் பொட்டலம் சும்மா விடாது. பித்துப் பிடிக்கும், அல்லது உயிர் போகும்.

சென்ற வாரம் மன்னரின் அரண்மனை அந்தச் சத்தியங்கள் அனைத்தையும் அவிழ்த்துவிட்டது. பெனின் நகரத்துப் பூசாரிகள் பானைகளைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். இகியெபோர் உச்சிவேளைக்குள் இவற்றை ஆற்றில் விடப் போகிறார்.

அதற்குள் எகியுவா தன் மகள் ஓமோசெதேயுடையதைக் கண்டெடுத்தாக வேண்டும்.

இதற்கு முன் இருமுறை அவள் கேட்டு வந்தபோது, கடன் தீரும்வரை பொட்டலம் தெய்வத்துக்கே சொந்தம் என்று திருப்பி அனுப்பியவர் அவர்.

முதல் பொட்டலத்தை அவிழ்த்தாள். பார்த்தாள். மடித்துத் தள்ளி வைத்தாள். இரண்டாவதை எடுத்தாள்.

"என்ன ஓமோசெதே அம்மா, சந்தையில வெண்டைக்காய ஒடிச்சு ஒடிச்சுப் பாக்குற மாதிரி பாக்குற?" கோலாக்கொட்டையைக் கடித்தபடி பூசாரி சிரித்தார். "கட்டு எல்லாருக்குந்தான் அவுந்துபோச்சு. ஏதோ ஒண்ண எடுத்துட்டுப் போயேன்."

"எனக்கு அவளோடதுதான் வேணும், ஐயா."

அவர் சொன்னது நியாயமே. விடுதலைக்கு என்றால் எதை எடுத்தாலும் ஒன்றுதான்.

ஐந்து. ஆறு. ஏழு. முலாம்பழ விதை உரித்துப் பழகிய விரல்கள், அவளைக் கேளாமலே வேலை செய்தன.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சத்தியத்தன்று காலையில், மகளுக்கு நூல் சுற்றிப் பின்னிவிட்டவள் எகியுவாதான். கடைசிப் பின்னலுக்குக் கறுப்பு நூல் போதவில்லை. தையல் டப்பாவில் கிடந்த நீல நூலால் அதை முடித்தாள். "இத்தாலிக்காரங்க சிரிக்கப் போறாங்கம்மா" என்று ஓமோசெதே முணுமுணுத்தாள்.

பூசாரி கத்தியோடு வந்தபோது, அந்தப் பின்னலையே வெட்டிக்கொள்ளும்படி சொன்னவளும் எகியுவாதான். மற்றவை பயணத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது.

பதினோராவது பொட்டலத்தில் நீல நூல் இருந்தது.

அதனடியில் நகங்கள். அவற்றின் சிவப்புச் சாயம் இன்னும் உரியவில்லை.

எகியுவா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பொட்டலத்தை மூடி, இடுப்புத் துணியின் முனையில் முடிந்துகொண்டாள்.

"அப்பாடா, கெடைச்சுதா?" என்றார் பூசாரி, எஞ்சியவற்றைக் கூடையில் அள்ளியவாறு. "போன் போட்டு அவகிட்ட சொல்லு. இனி எவளுக்கும் பயப்பட வேணாம், காலாகாலத்துல ஊருக்கு வந்து சேருன்னு சொல்லு."

"சரிங்க, ஐயா."

வெளியே, புழுதி படிந்த மோட்டார் சைக்கிளில் அவள் தம்பி ஒசயாண்டே காத்திருந்தான். அவள் இடுப்பு முடிச்சைத் தொட்டுக் காட்டினாள். அவன் தொப்பியைக் கழற்றினான்.

சென்ற மழைக்காலத்தில் லிபியாவிலிருந்து ஓமோசெதே ஏறிப் புறப்பட்ட படகு இத்தாலியைச் சேரவில்லை. கடல் உடலைத் தராதபோது, அடக்கத்துக்கு நகமும் முடியும் போதும் என்பது ஊர் வழக்கம்.

"தச்சர் போன் பண்ணாரு, அக்கா," என்றான் ஒசயாண்டே, அவள் முகத்தைப் பாராமல். "இத வைக்கிறதுக்குச் சின்னப் பெட்டி போதாதான்னு கேக்குறாரு."

எகியுவா நிமிர்ந்து நின்றாள். உள்ளங்கையைக் கவிழ்த்து, தன் காதுக்கு நேராகப் பிடித்தாள்.

"அவ இவ்வளவு உயரம்னு சொல்லு."