பென்சில் வீடுகள்

சாயங்கால வெயில் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. டீச்சர் ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்து, பள்ளியைச் சுற்றியுள்ள குடும்பங்களின் கணக்கெடுப்பு நோட்டை மடியில் விரிக்கிறாள். எந்த வீட்டில் எத்தனை பேர், என்ன தொழில் என்று ஆண்டுதோறும் எழுதுவது அவள் வேலை. இங்கேயே இருக்கப்போகிறவர்களைப் பேனாவால் எழுதுவாள். எந்த நேரமும் மூட்டை கட்டக்கூடியவர்களைப் பென்சிலால். அழிப்பது சுலபம். கண்ணாடித் தொழிற்சாலையை மூடியதிலிருந்து பக்கமெல்லாம் பென்சில்தான். இந்த ஆண்டு மட்டும் இரண்டு ரப்பர் தேய்ந்தாயிற்று. “இப்பல்லாம் பிள்ளைங்களைவிட பெஞ்சுதான் அதிகமாமே டீச்சர்?” என்று சிரிக்கிறாள் அந்த வீட்டு அம்மா. டீச்சரும் சிரித்துவைக்கிறாள். “வீட்டுக்காரர் தொழில் என்ன போடட்டும்?” “பழைய வேலையே இருக்கட்டுமே.” பென்சில் முனை தாளில் கரகரக்கிறது. அம்மாவின் தோளில் சாய்ந்தபடி மூன்றாம் வகுப்புச் சிறுமி எட்டிப்பார்க்கிறாள். “டீச்சர், பக்கத்து வீட்டு அக்கா பேரு மட்டும் நீலமா இருக்கு. என் பேரையும் அப்படி எழுதுங்க.” தாய் மகளின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிடுகிறாள். அவளுக்குப் பின்னால், இருண்ட அறையில், கட்டிலைப் பலகை பலகையாகக் கழற்றிக் கயிற்றால் கட்டிச் சுவரோரம் நிறுத்தியிருக்கிறார்கள். டீச்சர் அதைப் பார்த்தும் பாராதவளாகப் பேனாவைத் திறந்து, பென்சில் எழுத்தின் மேலேயே, கோணாமல், நிதானமாக எழுதுகிறாள். மை காயட்டும் என்று சிறுமி குனிந்து ஊதுகிறாள்.