குட்டிக்கு முன்னால் வந்த பத்திரம்

நாய்க்காரர் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் பையைத் திறந்தார். முதலில் வெளியே வந்தது குட்டி இல்லை, பத்திரம்.

ஆணிக்காரர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அந்தப் பெயரை அவருக்கு வைத்தது தெருதான். மாடியில் குடியிருந்த குடும்பம் காலண்டர் மாட்ட ஒரே ஒரு ஆணி அடித்ததற்காக, வாடகைப் பத்திரத்தை நீட்டி வெளியே அனுப்பிய புண்ணியவான். எந்தக் காலத்திலோ அவர் சொல்லச் சொல்ல மனைவி தட்டச்சு செய்த பத்திரம் அது. எழுதச் சொன்னதோடு அவர் வேலை முடிந்தது. படிக்கிற வேலையெல்லாம் குடிவருகிறவர்களுக்குத்தான்.

அன்றிலிருந்து மாடி காலி. வீடு பார்க்க வருகிறவர்கள் சிரித்தபடி படியேறுவார்கள், பத்திரத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இறங்குவார்கள்.

ஆளரவம் இல்லாத வீட்டில் அவர் மனைவிக்குப் பேச்சுத்துணை சுவர்க் கடிகாரம்தான். போன வாரம் அந்த அம்மாள் துணிப்பெட்டியைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்துவிட்டாள்.

"ஒண்ணு, இந்த வீட்டுல ஒரு உயிரோட சத்தம் கேக்கணும். இல்லன்னா நான் மக வீட்டுக்குப் போறேன். திரும்பி வருவேன்னு மட்டும் நினைக்காதீங்க."

பெட்டி இன்னும் அங்கேயேதான் இருந்தது. மனுஷர் அதைத் தாண்டித் தாண்டித்தான் நடமாடினார். அதனால்தான் இந்த லாப்ரடார் குட்டி. தேன் நிறம், தொங்கும் காது, தாய் தகப்பன் பேரோடு சான்றிதழ். கூடையிலிருந்து எட்டிப் பார்த்து, அம்மாளின் செருப்பு வாரை ருசி பார்த்துக்கொண்டிருந்தது.

"குட்டி வாங்கறதுக்கு எதுக்குத் தம்பி பத்திரம்?"

"நல்ல இடத்துக்குப் போய்ச் சேரணும்ல சார்? எல்லாருக்கும் பத்திரம் உண்டு. ஆனா இது உங்க வீட்டுக்குன்னே தனியா எழுதினது."

ஆணிக்காரருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார். வாசலில் காய்கறி வண்டியைச் சுற்றி நின்றவர்கள் பேரத்தை மறந்தார்கள். கேட்காதது போலக் கேட்பதில் இந்தத் தெருவை மிஞ்ச ஆளில்லை.

"'முன்னறிவிப்பின்றி எந்நேரமும் வந்து சோதனையிட உரிமை உண்டு.' என்னது? நான் என்ன திருடனா? நான் பாட்டுக்குத் தூங்கிக்கிட்டிருப்பேன், நீ வந்து தலைமாட்டுல நிப்பியா?"

"பிடிக்கலன்னா அடிச்சிடுங்க சார். பக்கத்துல காரணத்தை எழுதி ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."

கேட்காமலேயே சிவப்புப் பேனாவைக் கொண்டுவந்து வைத்தாள் மனைவி.

"'எண்ணிக்கை கூடக் கூடாது.' அப்படின்னா?"

"குட்டி போடக் கூடாது சார்."

"பொறக்கறதைத் தடுக்க நீ யாருய்யா?" சரக்கென்று ஒரு கோடு. "'விருந்தாளிகள் தங்கக் கூடாது.' நாய்க்கு ஏதுய்யா விருந்தாளி?"

"இதோட அண்ணன் தம்பியெல்லாம் பக்கத்துத் தெருவுலதானே சார் இருக்கு?"

"வந்தா இருந்துட்டுப் போகட்டுமே! கூடப் பொறந்ததைப் பார்க்காம எந்த ஜீவன் இருக்கும்?" இன்னொரு கோடு. "'விளக்கணைத்த பிறகு சத்தம் வரக் கூடாது.' அதுக்கு நான் பொம்மை நாய் வாங்கிக்க மாட்டேனா?"

கோடு விழ விழ, காய்கறி வண்டியோரம் தலைகள் கூடின. கடைசி வரிக்கு வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"'திருப்பித் தரும்போது, வந்த அன்று இருந்த அதே நிறத்தில் இருக்க வேண்டும்.' வெயில் படாதா? மழை படாதா? வயசாகாதா? ஒரு இடத்துல வாழ்ந்தா வாழ்ந்த அடையாளம் கொஞ்சமாவது இருக்காதாய்யா?"

காய்கறிக்காரரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் காரணமாக இருக்கலாம்.

ஆணிக்காரர் பக்கத்தின் அடியில் பெரிய எழுத்தில் எழுதினார்: 'ஈவிரக்கம் இல்லாதவன் எழுதியது. எதுவும் செல்லாது.' கையெழுத்தைப் போட்டு, பேனாவைக் கீழே எறிந்தார்.

"இதைச் சொன்னவன் மனுஷனே இல்ல!"

நாய்க்காரர் அம்மாளைப் பார்த்தார். அம்மாள் குட்டியைப் பார்த்தாள்.

"ரொம்ப சரி சார்," என்று பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார் நாய்க்காரர். "இதுதான் நான் எல்லாருக்கும் குடுக்கற பத்திரம். மூணே வரி. தடுப்பூசியைத் தவறாமப் போடணும். நாள் முழுக்கக் கட்டியே போடக் கூடாது. வச்சுக்க முடியலன்னா தெருவுல விடாம, வேற யார்கிட்டயும் தள்ளாம, என்கிட்டயே திருப்பித் தந்துடணும்."

"இது பத்திரம்! இது மனுஷன் எழுதினது!" ஆணிக்காரர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகுதான் பொறி தட்டியது. "அப்ப, முதல்ல குடுத்தியே, அது யாரோடது?"

நாய்க்காரர் அவசரமாகக் கூடையைச் சரி செய்தார்.

அம்மாள் நடுக்கூடத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே வைத்தாள். திரும்பி வந்து, சிவப்புக் கோடுகள் நிறைந்த தாளை நாலாக மடித்தாள்.

"மாடியைப் பார்க்க நாளைக்கு ஒரு குடும்பம் வருது. அவங்களுக்கு இதையே குடுத்துடறேன்."

"நாய்ப் பத்திரத்தை அவங்களுக்கு எதுக்குடீ?"

குட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள் அம்மாள்.

"ஆணி அடிக்கக் கூடாதுங்கறதை மட்டும் நாய்க்கு எப்படிப் போடறதுன்னு தெரியலங்க, விட்டுட்டேன்."